பளு இறங்கும் வழி

டன்லப்பிலும் டி.ஐ. சைக்கிளிலும், பாடி பக்கம் டி.வி.எஸ். தொழிற்சாலைகளிலும், ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் வேலை பார்த்தவர்கள் பி.எஃப். கடனும் சொசைட்டி கடனும் போட்டு மனை வாங்கினார்கள். சென்னைப் புறநகர் அம்பத்தூரின் பல தெருக்கள் அப்படி உருவானவை. மனை வாங்கியதும் வீடு எழும்பிவிடாது. முதலில் கிணறு. அடுத்த வருஷம் கடைக்கால். பேஸ்மட்டம் வந்ததும் காசு தீர்ந்துவிடும். தீபாவளி போனஸ் வந்தால் லிண்டல் வரை சுவர் ஏறும். தளம் போட இன்னொரு கடன், இல்லாவிட்டால் வீட்டம்மாவின் வளையல். இப்படி மூன்று நான்கு வருஷம் இழுத்த வேலையில் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் 1970களிலும் 80களிலும் அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது. அடியிலிருந்து முடி வரை, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வீடு மாதக்கணக்கில் திறந்து கிடந்தது. அவர்கள் அதற்குள்ளேயே விளையாடினார்கள்.

அங்கே பார்த்ததெல்லாம் பௌதிகம்தான். மேஸ்திரி சுவரின் விளிம்பில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்ப்பார். மேலே நூலுக்கும் செங்கலுக்கும் எவ்வளவு இடைவெளியோ, கீழேயும் அவ்வளவே இருந்தால் சுவர் நேர். பூமி இழுக்கும் திசையைக் காட்ட அதைவிட எளிய கருவி இன்றுவரை வரவில்லை. நான்கு மூலைக்கும் ஒரே மட்டம் பிடிக்கத் தண்ணீர் நிரப்பிய டியூபை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு முனை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கும். நடுவில் காற்றுக்குமிழி சிக்கினால் மட்டம் பொய் சொல்லும் என்பதைக் கொத்தனாரின் அதட்டலிலிருந்து பிள்ளை தெரிந்துகொள்ளும். செங்கல் அடுக்கும்போது ஒரு வரிசையின் மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் மூட்டு வராது. ஒரு கல்லின் பளு கீழே இரண்டு கல்லுக்குப் பிரியும், அவை இரண்டும் அதற்குக் கீழே மூன்றுக்குக் கொடுக்கும். மணல் குவியலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எட்டு வயதுக் கண்ணுக்கு இந்த ஒழுங்கு பதிந்துபோனது.

தளம் போடும் நாள் தெருவுக்கே விசேஷம். சவுக்கு முட்டுகள் நெருக்கமாக நிற்க, மேலே சென்ட்ரிங் பலகை, அதன் மேல் கட்டுக்கம்பியால் முடிந்த கம்பி வலை. விடியற்காலையில் கலவை மெஷின் வந்து நிற்கும். சித்தாள்கள் சட்டி மாற்றும் வரிசை மாலை வரை அறுபடாது. முடிந்ததும் எல்லோருக்கும் கறிச்சோறு. மறுநாள் தளத்தின் மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். காலையும் மாலையும் வற்றாமல் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் பொறுப்பு. சிமெண்ட் வெயிலில் உலர்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு நடக்கும் வேதிவினையில் இறுகுகிறது. இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தராமலே, கிணற்றிலிருந்து இரண்டு வாரம் வாளி சுமந்த கை கற்றுக்கொண்டது.

அதற்கும் முந்தைய வீடுகள் இன்னும் வெளிப்படையாகப் பேசின. பூந்தமல்லியின் பழைய தெருக்களிலும் திருமழிசைக் கோயிலைச் சுற்றியும் இருந்த மெட்ராஸ் டெரஸ் வீடுகளைச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. அறையின் அகலத்தை முடிவு செய்தது வீட்டுக்காரரின் ஆசையல்ல, கிடைத்த மரத்தின் நீளம். பாய் விரித்து மல்லாந்து படுத்த பிள்ளைக்குப் பளு இறங்கும் வழி கண்ணெதிரே தெரிந்தது: கல் கட்டையின் மேல், கட்டை சுவரின் மேல், சுவர் மண்ணின் மேல். எந்தச் சுவர் தாங்குகிறது, எந்தச் சுவர் சும்மா மறைப்புக்கு நிற்கிறது என்று கட்டைகள் ஓடும் திசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வாத்தியார் சைக்கிள். டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை 1949இல் அம்பத்தூரில் தொடங்கியது. அதே குழுமத்தின் டியூப் ப்ராடக்ட்ஸ் 1955இல் ஆவடியில் வந்தது. ஹெர்குலிஸ் வண்டியின் முக்கோணத்துக்குள் காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்த பிள்ளைகள், உலகத்தின் மிக உறுதியான வடிவத்துக்குள் தினமும் புகுந்து வந்தவர்கள். மூன்று குச்சிகளை முனையில் முடிந்தால் அந்த வடிவத்தை யாராலும் நசுக்க முடியாது. ஒரு குச்சி ஒடிய வேண்டும், இல்லையென்றால் முடிச்சு அவிழ வேண்டும். நான்கு குச்சிகளை முடிந்தாலோ ஒரு தள்ளலில் சாய்ந்துவிடும். மூங்கில் படலுக்குக் குறுக்கே ஒரு கம்பு வைத்துக் கட்டுவதும், மின் கோபுரத்தில் இரும்புப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதும் இதனால்தான். கூலிக் கொட்டகை போட்டவருக்கும் கோபுரம் வடிவமைத்தவருக்கும் பொதுவான அறிவு இது.

அன்றைய காலத்தைப் பொற்காலம் ஆக்க எனக்கு விருப்பமில்லை. பார்க்கக் கிடைத்ததே தவிர, ஏன் என்று சொல்ல ஆளில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தது அவர் மகனுக்கும் கையாளுக்கும் மட்டும் போனது. தலையில் சட்டி சுமந்த சித்தாளின் குழந்தை அதே கட்டடத்தில் சேலைத் தூளியில் கிடந்தது, பிறகு பலருக்குப் பள்ளியே எட்டவில்லை. தவறுகளும் கைமாறின. சன்ஷேடுக்கு அடியில் கம்பி வைக்கும் பழக்கத்தை எத்தனை தெருக்களில் பார்த்திருக்கிறோம்! சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை தொங்கப் பார்க்கும்போது அதன் மேல்புறம்தான் இழுபடும். கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். சரியாகக் கட்டிய கம்பியையும் கான்கிரீட் போடுகிறவர்கள் மிதித்து மிதித்து அடிக்குத் தள்ளிவிடுவார்கள். பத்து வருஷத்தில் சுவரை ஒட்டி ஒரு விரிசல் ஓடும். அதைப் பூசி வெள்ளையடித்துவிட்டு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம்.

பள்ளிக்கூடம் இதில் ஒதுங்கியே நின்றது. விசை என்றால் தள்ளுதல் அல்லது இழுத்தல், அவ்வளவுதான் கரும்பலகையில். உதாரணத்துக்கு மாட்டுவண்டியோ கிரிக்கெட் பந்தோ வரும். நகரும் பொருளுக்குத்தான் விசை என்ற எண்ணம் அப்படியே மனதில் உறைந்துவிட்டது. அசையாமல் நிற்கும் சுவருக்குள் இரவும் பகலும் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டிருப்பதை யாரும் சொல்லவில்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது 1987இலிருந்து கொண்டுவந்த துளிர் இதழும் வகுப்பறைக்கு வெளியே ஒரு கதவைத் திறந்தன. கைக்குக் கிடைத்த பொருளை வைத்துச் செய்து பார் என்ற எண்ணம் பல ஆசிரியர்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. முகப்பேர், கொரட்டூர், திருமுல்லைவாயில், ஆவடி, காட்டுப்பாக்கம் என்று தனி வீடுகள் அடுக்கு வீடுகளாயின. பளுவைச் சுவர் சுமந்த காலம் போய், பில்லரும் பீமும் சுமக்கும் கூடு வந்தது. செங்கல் சுவர் அந்தக் கூட்டுக்குள் அடைப்பு மட்டுமே. இன்னொன்றும் ஆனது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த டைடல் பூங்கா 21 மாடி. பூந்தமல்லிச் சாலையின் தலைக்கு மேல் மெட்ரோ பாலம் ஓடுகிறது, 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் நடந்தது. இன்றைய பிள்ளைகளைச் சுற்றி இருக்கும் அளவுக்குப் பெரிய கட்டுமானம் அவர்களுடைய தாத்தாக்களைச் சுற்றி இருந்ததே இல்லை. ஆனால் பார்க்கக் கிடைப்பதோ தகரத் தடுப்பும் பச்சை வலையும்தான். ரெடிமிக்ஸ் லாரி ராத்திரியில் வந்து போகிறது. வேலை செய்கிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். தெருப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் பேச்சு இல்லை. கட்டுமான இடத்துக்குள் குழந்தைகளை விடாதது சரியான காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்தத் தடுப்போடு சேர்ந்து ஒரு அறிவும் மறைக்கப்பட்டது. வீட்டுக்குள் வந்தால் பீமையும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் மூடிவிடுகிறது. ஐந்தாவது மாடியில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தன்னைத் தாங்குவது எது என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு அடையாளமும் இல்லை.

இதன் விளைவு வெறும் அறியாமையோடு நிற்பதில்லை. புதிய உயரக் கட்டடங்கள் பலவற்றில் இப்போது அலுமினிய அச்சில் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றுகிறார்கள், மைவான் என்கிறார்கள் தொழிலில். அங்கே சுவர் மறுபடியும் பளு சுமக்கிறது. அதாவது, சுவர் தாங்கிய காலம், பில்லர் தாங்கிய காலம், திரும்பவும் சுவர் தாங்கும் காலம் என மூன்றையும் ஒரு தலைமுறைக்குள் இந்தப் புறநகர் பார்த்துவிட்டது. நடுக்காலத்தில் வளர்ந்த நம் மனதில் "சுவர்தானே, இடிச்சுக்கலாம், பில்லரைத் தொடாம இருந்தா போதும்" என்ற வாசகம் பதிந்திருக்கிறது. மாடுலர் கிச்சனுக்காக மைவான் சுவரில் வழி வெட்டச் சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தன் வீடு எந்த வகை என்று கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் பளு இறங்கும் வழியை வரைந்து பழகியிருந்தால், அந்தக் கேள்வி தானாக வந்திருக்கும்.

பளு இறங்கும் வழி தவறினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, கனமழையில், போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அங்கே கூலிக்கு வந்த தொழிலாளர்கள். இடி விழுந்தது என்றுகூட முதலில் பேச்சு எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் வடிவமைப்பிலும் தூண்களின் தாங்குதிறனிலும் இருந்த குறைகளைச் சுட்டின. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்க்காத பிள்ளை சென்னையில் அன்று இருந்திருக்காது. முதல் விபத்து நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, செங்குன்றம் பக்கம் உப்பரபாளையத்தில் கிடங்குச் சுவர் ஒன்று விழுந்து 11 பேரை அழுத்திக் கொன்றது. 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் சரிந்து 17 பேர்.

இத்தனை சாவுக்குப் பிறகும் நம் வகுப்பறைகளில் ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டப்படவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. ஒரு மாடி ஒரு தூணுக்கு 20 டன் கொடுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மேல் மாடித் தூண் 20 டன் சுமக்கும். அதற்குக் கீழ் 40. பதினொன்றாவதாகக் கீழே நிற்பது 220. நான்காம் வகுப்புப் பெருக்கல்தான். அடித்தூண் ஏன் பருமனாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பெருக்கலிலேயே இருக்கிறது. கட்டடம் விழாமல் காப்பது குழந்தைகளின் வேலையல்ல, அது பொறியாளரும் அரசும் சுமக்க வேண்டிய பொறுப்பு. ஆனால் நாளைக்கு வீடு வாங்கப் போவதும், கவுன்சிலராகப் போவதும், சென்ட்ரிங் அடிக்கப் போவதும் இதே பிள்ளைகள்.

இன்றைய பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்கள் முந்தையவற்றைவிட எவ்வளவோ மேல். ஆறாம் வகுப்பில் "விசையும் இயக்கமும்", எட்டாம் வகுப்பில் "விசையும் அழுத்தமும்", பத்தாம் வகுப்பில் "இயக்க விதிகள்" என்று பாடம் படிப்படியாக ஏறுகிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைக் கருவிகளைப் பையில் போட்டு இருசக்கர வண்டியில் கொண்டுவந்து காட்டுகிறது. இது நம் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. சில பள்ளிகளில் டிங்கரிங் லேப் இருக்கிறது. தனியார் பள்ளிகளின் கோடை முகாம்களில் ஐஸ்குச்சிப் பாலமும் ஸ்பகெட்டி கோபுரமும் கட்டுகிறார்கள்.

ஆனால் பாடமும் கட்டடமும் இன்னும் சந்திக்கவில்லை. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் மீட்டர் அளவுகோலைத் தொங்கவிட்டு, இருபுறமும் எடைக்கற்களை நகர்த்தி, திருப்புத்திறன்களின் தத்துவத்தால் ஒரு பொருளின் எடையைக் கண்டுபிடிக்கிறார்கள் பிள்ளைகள். அந்த ஆய்வகத்தின் ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட் அதே தத்துவத்தில்தான் நிற்கிறது. அதன் ஒரு முனையைச் சுவரின் பளு அழுத்திப் பிடித்திருக்கிறது, இன்னொரு முனை வெறுங்காற்றில். அளவுகோலிலிருந்து கண்ணை எடுத்து மேலே பார் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். முழு மதிப்பெண் வாங்கியவருக்கும் இது தெரியாமல் போவது அந்த ஒரு நிமிஷத்தால்.

இந்த ஊர்ப் பொருள்களை வைத்தே கட்டடத்தின் எலும்பைக் காட்டிவிட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் பேனாவால் நெட்டுக்கோடுகள் இழுத்து வளைத்துப் பாருங்கள். நடுவில் அழுத்தினால் மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். நெருங்குவது அமுக்கம், விலகுவது இழுவை. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். ஆகவே விலகும் பக்கம் கம்பி. பீமின் அடியிலும் சன்ஷேடின் மேலும் ஏன் கம்பி என்பது இந்த ஒரு ஸ்பாஞ்சில் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக்கி நடுவில் ஒரு பேனா ஸ்டாண்டை வைத்தால் தொய்யும். அதே ஸ்கேலைக் கையால் விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் அசையாது. பீமின் ஆழம் இரண்டு மடங்கானால் அதன் வலிமை நான்கு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. அதே ஸ்கேலை நட்டமாக நிறுத்தி உச்சியில் அழுத்தினால் உடையாமல் நடுவில் பிதுங்கி வளையும். ஒல்லியான தூண் தோற்பது பெரும்பாலும் நசுங்கி அல்ல, இப்படி ஒதுங்கி. நடுவில் ஒரு விரலால் முட்டுக்கொடுத்தால் போதும், நீளம் பாதியாகி, தாங்கும் பளு நான்கு மடங்கு ஏறும். சவுக்கு முட்டுகளுக்கு இடையே குறுக்குக் கட்டை அடிப்பது இதற்குத்தான்.

அரவிந்த் குப்தா 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு இன்னும் எளிது. சைக்கிள் வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணமும் சதுரமும் கூடுகளும் செய்வது. சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது. குறுக்கே ஒரு குச்சி செருகியதும் சதுரமும் நின்றுவிடும். சைக்கிளுக்குப் பேர்போன அம்பத்தூரில் வால்வு டியூபுக்குப் பஞ்சமா? கோடை முகாமுக்கு ஸ்பகெட்டி வாங்கும் காசில் ஒரு பள்ளி முழுக்க இதைச் செய்யலாம். ஸ்பகெட்டியைத் தின்றே பார்த்திராத பிள்ளையிடம் அதில் கோபுரம் கட்டச் சொல்வதைவிட, தென்னை ஈர்க்கையும் தீக்குச்சியையும் கொடுப்பது நியாயம்.

உடம்பையே கருவியாக்கலாம். 1887இல் லண்டனில் பெஞ்சமின் பேக்கர் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை விளக்க இரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்தார். நீட்டிய கைகளில் குச்சி, வெளிப்பக்கம் எடைக்குச் செங்கல், நடுவே தொங்கும் பலகையில் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வதனாபே. கைகளில் இழுவை, குச்சியில் அமுக்கம். மூன்று பேரும் ஒரு பாலம். எந்த ஐந்தாம் வகுப்பிலும் இதை நடத்திவிடலாம். நியூயார்க்கில் மரியோ சல்வடோரி என்ற கட்டமைப்புப் பொறியியல் பேராசிரியர் 1970களின் நடுவில், பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வுபெறும் வயதில், ஹார்லெமின் ஏழைக் குழந்தைகளிடம் போனார். காகிதம், நூல், அட்டை இவற்றை வைத்துக்கொண்டு கட்டடம் ஏன் நிற்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரில் ஒரு கல்வி மையம் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. நம்மிடம் ஏற்கெனவே இருப்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கைகளைக் கோத்து உயர்த்த, மற்றவர்கள் வரிசையாக நுழைந்து போகும் பூப்பூக்கும் விளையாட்டில் நிற்பது ஒரு வளைவு. அவர்கள் உள்ளங்கையைச் சேர்த்துச் சாய்ந்துகொண்டு கால்களை மெல்லப் பின்னுக்கு எடுத்தால் ஒரு கட்டத்தில் கால் சறுக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து முட்டுக்கொடுத்தால் சறுக்காது. வளைவு பளுவைக் கீழே இறக்குவதோடு வெளியேயும் தள்ளும் என்பதை இதற்குப் பிறகு விளக்கவே வேண்டாம்.

தெருவிலும் பாடம் குவிந்திருக்கிறது. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனால், கல் தூண்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று பிள்ளைகளைக் காலடியால் அளக்கச் சொல்லலாம். கல்லுக்கும் இழுவை ஆகாது. நீளமான கல் உத்தரம் தன் எடையிலேயே அடியில் பிளந்துவிடும், அதனால் தூண்கள் கிட்டக் கிட்ட. தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகை, உத்தரம் தாண்ட வேண்டிய இடைவெளியை இன்னும் குறைக்கிறது. அலங்காரமாக நாம் பார்த்துவந்த அந்தப் போதிகை உழைக்கிறது. அதே கோயிலில் கருவறைக்கு முன்னே இரண்டு எருக்கம் தூண்கள் உண்டு, தொண்டைமான் குறும்பரை வென்று கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. எருக்குச் செடியில் தூண் செய்தால் எவ்வளவு தாங்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் மகிழ வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு வாரப் பாடம் இருக்கிறது.

பூந்தமல்லிக்குப் போகும் பேருந்தின் ஜன்னலிலிருந்து மெட்ரோ பாலத்தைப் பார்த்தால், தூணின் தலைக்கும் அதன் மேல் கிடக்கும் கர்டருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியும் அதில் கனமான ஒரு தலையணைத் துண்டும் தெரியும். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பாலத்துக்கு அசைய இடம் கொடுக்கும் தாங்கி அது. கர்டருக்குள்ளே முன்கூட்டியே இழுத்து முறுக்கேற்றிய எஃகு வடங்கள் இருக்கின்றன. இதை வகுப்பில் காட்டப் பத்து நோட்டுப் புத்தகம் போதும். வரிசையாக நிறுத்தி இருபுறமும் உள்ளங்கையால் இறுக்கி அழுத்திக்கொண்டு தூக்கினால் ஒன்றும் விழாது, மேலே ஒரு டிபன் பாக்ஸையும் வைக்கலாம். கை தளர்ந்தால் எல்லாம் கொட்டும்.

நிலநடுக்கத்தையும் விட முடியாது. 2002இல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். நம் அடுக்கு வீடுகளில் கீழ்த்தளம் கார் நிறுத்தத் திறந்து கிடக்கிறது, மேலே எல்லா மாடியிலும் சுவர். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் சரிந்த அடுக்கு வீடுகள் பல இந்த வகை. தீப்பெட்டிகளை ஒட்டி அடுக்கி, அடியில் நான்கு ஈர்க்குக் கால் வைத்து, பலகையை லேசாக ஆட்டினால் கால்தான் முதலில் மடங்கும். கால்களுக்கு நடுவே குறுக்குக் குச்சி கட்டினால் என்ன ஆகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இதையெல்லாம் நினைக்கும்போது, திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் வளரும் ஒடிசாக் குழந்தைகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அங்கேயே ஒடியாப் புத்தகங்களோடு அவர்களுக்கு வகுப்பு நடத்திய முயற்சிகள் உண்டு. எந்த மண் வெடிக்கும், எந்தக் கல் தட்டினால் மணியாக ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு முகப்பேர் மாடியில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. அவர்கள் அறுத்த கல் எந்தச் சுவரில் போய் உட்கார்ந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது. இருவரும் ஒரே வகுப்பில் உட்காரும் நாளை நான் விரும்புகிறேன்.

உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குப் புதிய வகுப்பறைகள் கட்டப்படுகின்றன. பள்ளி வளாகமே கட்டுமான இடம். தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள்தான் அந்தக் கட்டடத்தின் எலும்பு கண்ணுக்குத் தெரியும் கடைசி நாள். பொறியாளர் அன்று கம்பியைச் சரிபார்க்க எப்படியும் வந்தாக வேண்டும். அதற்கு முதல் நாள் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டால் போதும். ஏழாம் வகுப்பைத் தடுப்புக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, பொறியாளர் அரை மணி நேரம் பேசட்டும். பீமின் நடுவில் கம்பி அடியில் ஓடுவதையும், தூணை நெருங்கும்போது மேலே ஏறுவதையும், தூணுக்குப் பக்கத்தில் ரிங்குகள் நெருக்கமாக விழுவதையும் விரல் நீட்டிக் காட்டட்டும். பிள்ளைகள் அதை நோட்டில் வரையட்டும். தூண் எங்கே, பீம் எங்கே, அடைப்புச் சுவர் எது என்று குறித்த அந்தப் படங்களில் ஒன்றை, வகுப்பறை திறந்ததும் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கட்டும்.